கத்திக்கு முன்னே செல்ல வேண்டிய ஒளி

உடலின் பிற அங்கங்களில் கட்டி தோன்றினால், அதை அகற்றப் புகும் ரண சிகிச்சை நிபுணர், கட்டியோடு அதைச் சூழ்ந்த நல்ல தசையிலும் ஒரு விரற்கடை அளவு சேர்த்து அறுத்தெடுத்துவிட்டு, மிச்சம் ஏதும் இராது என்ற ஓரளவு நிம்மதியோடு காயத்தைத் தைத்து முடிக்கலாம்; குடலிலும் மார்பிலும் செல்லுபடியாகும் இந்தத் தாராளம் மூளையில் மட்டும் செல்லுவதில்லை. ஏனெனில் அங்கே அந்த ஒரு விரற்கடைக்குள் ஒரு மனிதரின் பேச்சு முழுவதும் அடங்கியிருக்கலாம். அல்லது அவருடைய வலக்கையின் அசைவு அடங்கியிருக்கலாம். அல்லது எழுதியதைப் படித்துப் பொருள் கொள்ளும் சக்தி அடங்கியிருக்கலாம். அதிகமாக எடுத்தால் நோயாளி ஊனமடைகிறார், குறைவாக எடுத்தால் நோய் விரைவில் திரும்பி வருகிறது என்ற இந்த இருதலைச் சங்கடத்தில், கத்தி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதற்கு வைத்தியருக்கு நெடுங்காலமாக இருந்த துணை அவருடைய இரு கண்களும் விரல் நுனியில் சேர்ந்த அனுபவமுமே. கண்ணுக்குப் புலப்படாததைப் புலப்படுத்தும் பொருட்டு ஒளியையே ஒரு கருவியாகப் பயன்படுத்தும் முறைகள் இப்போது வந்திருக்கின்றன. அவை செல்வர்களுக்கான மருத்துவமனைகளின் அலங்காரம் அல்ல, மூளைக்கட்டிக்கு ரண சிகிச்சை நடக்கும் ஒவ்வொரு பொது மருத்துவமனையிலும் சாதாரணமாக இருக்க வேண்டிய உபகரணங்கள் என்பதும், ஆயினும் அவற்றால் இயல்வது எது, இயலாதது எது என்று அறிந்துகொண்டே அவற்றை ஏற்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

இந்தச் சங்கடத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். மூளையிலேயே பிறக்கும் கட்டிகளில் மிகக் கொடியவை கிளியோமா என்ற வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றுள்ளும் கிளியோபிளாஸ்டோமா என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தரவரிசையில் நான்காம் படியில், அதாவது உச்சியில், வைக்கப்பட்டிருப்பது. இது ஓர் உறைக்குள் அடங்கிய உருண்டையாக இருந்து, தோண்டியெடுத்தால் முழுமையாக வெளிவந்துவிடும் தன்மையுடையதன்று. நஞ்சை நிலத்தில் கோரை மண்டினால், மேலே தெரியும் புல்லையெல்லாம் பிடுங்கிக் கரையில் எறிந்த பின்னும், மண்ணுக்கடியில் நூல்போன்ற வேர்களும் சிறு கிழங்குகளும் பயிரின் வேரோடு வேராகப் பின்னிக் கிடந்து அடுத்த மழைக்கே தளிர்ப்பதைக் குடியானவர்கள் அறிவார்கள். இந்தக் கட்டியின் உயிரணுக்களும் அவ்விதமே நரம்பிழைகளின் வழியாகவும் இரத்தக் குழாய்களின் ஓரமாகவும் நல்ல மூளைக்குள் ஊர்ந்து சென்று பரவுகின்றன. கட்டியின் நடுப்பகுதி நிறத்தாலும் மென்மையாலும் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். ஓரப்பகுதியோ சாதாரண வெள்ளை வெளிச்சத்தில், எத்தனை சிறந்த மைக்ராஸ்கோப்பின் வழியாகப் பார்த்தாலும், நல்ல மூளையினின்றும் எளிதில் வேறுபட்டுத் தெரிவதில்லை.

1884-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 25-ஆம் தேதி, லண்டனில் ரிக்மன் காட்லீ என்ற ரண வைத்தியர் ஓர் இளைஞரின் மண்டையைத் திறந்து கிளியோமா கட்டி ஒன்றை எடுத்தபோது, அது இருக்கும் இடத்தை அவருக்குச் சொன்னவர் ஹ்யூஸ் பென்னெட் என்ற வைத்தியர். அவரும் எந்தப் படத்தையும் பார்த்துச் சொல்லவில்லை, நோயாளியின் கையில் கண்ட வலிப்பையும் பலவீனத்தையும் கொண்டே அனுமானித்தார். அனுமானம் சரியாகவே இருந்தது. ஆயினும் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்த இளைஞர் இறந்து போனார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1928-இல், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த வால்டர் டாண்டி, ஏற்கெனவே இடப்புறம் செயலிழந்துவிட்ட சில நோயாளிகளுக்கு மூளையின் வலப்பாதியையே எடுத்துவிட்டதாக ஓர் அறிக்கை வெளியிட்டார். பாதி மூளையைப் பலியிட்டும் அந்த வியாதியைப் பூரணமாக வெல்ல முடியவில்லை என்ற கசப்பான உண்மையையே அந்தச் சாகசம் உலகுக்கு உணர்த்தியது. எவ்வளவு அதிகமாக எடுக்கிறோம் என்பதில் மட்டும் வெற்றி இல்லை, எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து செய்வதில்தான் நோயாளிக்கு நன்மை இருக்கிறது என்ற பாடம் அங்கிருந்தே தொடங்குகிறது.

பின்னர் ஸ்கேன் படங்கள் வந்தன. 1971-இல் லண்டன் விம்பிள்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படம் பிடித்தபோது, அதில் தெரிந்ததும் மூளையில் இருந்த ஒரு கட்டியே. எம்.ஆர்.ஐ. வந்தது, அந்தப் படங்களைக் கணினியில் ஏற்றி, நோயாளியின் தலையோடு பொருத்தி, வைத்தியரின் கருவி இப்போது மூளையின் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று திரையில் காட்டும் வழிகாட்டி முறையும் வந்தது. இவையெல்லாம் மகத்தான உபகாரங்கள். ஆனால், மண்டையோட்டைத் திறந்து, மூளையைச் சூழ்ந்த நீர் வடிந்து, கட்டியின் ஒரு பகுதியும் வெளியே வந்தவுடன், மூளை தான் இருந்த நிலையினின்றும் சரிந்துவிடுகிறது. இரண்டு நாட்களுக்கு முன் எடுத்த படமோ சரியாமல் அப்படியே நிற்கிறது. கட்டியின் ஓரத்தை அடைந்து, துல்லியம் மிகவும் தேவைப்படும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் படம் மிகவும் பொய்த்துப் போகிறது. அறுவை அரங்கிலேயே எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை நிறுவி இதற்குப் பரிகாரம் காண்பவர்கள் உண்டு. ஆனால் அதற்காகும் செலவையும் இடத்தையும் நேரத்தையும் எண்ணினால், அது எல்லோருக்கும் எட்டும் வழியாக இல்லை.

ஆகவே, படத்தைப் பார்த்து மூளையில் தேடுவதை விட்டு, மூளையிலேயே கட்டியைத் தெரியச் செய்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. இது புதிதாகப் பிறந்த எண்ணமன்று. 1940-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மூர் என்ற வைத்தியர், 1871-இல் அடால்ஃப் ஃபான் பேயர் என்ற ஜெர்மானிய ரசாயன மேதை உண்டாக்கிய ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயத்தை நோயாளிகளின் இரத்தத்தில் செலுத்தி, புற ஊதாக் கிரணங்களைப் பாய்ச்சிப் பார்த்து, மூளைக்கட்டி ஒளிர்வதைக் கண்டு 1948-இல் எழுதினார். ஆனால் அணு யுகம் பிறந்திருந்த அந்நாளில், கதிரியக்கப் பொருள்கள் மண்டையைத் திறக்காமலே கட்டி இருக்குமிடத்தைச் சொல்லக்கூடும் என்ற ஆசை பலரையும் ஈர்த்தது. மூரே அதே சாயத்தில் கதிரியக்க அயோடினைச் சேர்த்துப் பரிசோதிக்கத் தொடங்கிவிட்டார். மண்டைக்கு வெளியேயிருந்து கட்டியைக் கண்டுபிடிக்கும் கலை அதன் பின் கிளைத்துத் தழைத்தது. மண்டைக்குள் அதன் எல்லையைக் காணும் கலையோ ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் தூங்கிக் கிடந்தது.

அதை எழுப்பியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றிய வால்டர் ஸ்டூமர். அவர் கையாண்ட பொருள் ஒரு சாயமும் அன்று. நம் உடலிலேயே இயற்கையாக உற்பத்தியாகும் அமினோலெவுலினிக் அமிலம் என்ற எளிய பொருள், வைத்தியர்களின் பேச்சில் 5-ஏ.எல்.ஏ. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளை உயிரணுக்கள் படிப்படியாகச் சமைக்கும்போது, முதற்படியில் இருப்பது இந்த அமிலம். கடைசிக்கு முந்திய படியில் இருப்பது புரோட்டோபார்ஃபைரின். அதனோடு இரும்பு சேர்ந்தால் ஹீம். இந்த அமிலத்தை அதிகமாகக் கொடுத்தால், நல்ல மூளைக்குள் அது சிறிதளவே நுழைகிறது. கொடிய கிளியோமாவின் உயிரணுக்களிலோ அது தாராளமாகப் புகுந்து புரோட்டோபார்ஃபைரினாக மாறுகிறது. அங்கே இரும்பைச் சேர்க்கும் கடைசி வேலை மந்தமாக நடப்பதால், அந்த இடைப்பொருள் தேங்கிவிடுகிறது. தேங்கிய அந்தப் பொருளின் மேல் ஏறக்குறைய 400 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா கலந்த நீல ஒளி பட்டால், அது 635 நானோமீட்டர் அலைநீளத்தில் செவ்வொளி வீசுகிறது.

நடைமுறையில் இது மிகவும் எளிமையானது. நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற கணக்கில் அந்தப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, மயக்க மருந்து கொடுப்பதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு முன் குடிக்கச் செய்கிறார்கள். கட்டியின் பெரும்பகுதியை வழக்கம்போல வெள்ளை வெளிச்சத்தில் எடுத்த பின், அரங்கின் விளக்குகளைத் தணித்து, மைக்ராஸ்கோப்பின் ஒளியை நீலத்துக்கு மாற்றினால், ஒரு கணத்துக்கு முன் ஒரே மாதிரியாகத் தோன்றிய குழியின் சுவர்களில், நல்ல மூளை நீலமாகவும், எஞ்சியுள்ள கட்டி செக்கச் சிவந்தும், அதன் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் பிரிந்து தெரிகின்றன. வைத்தியர் சிவந்த இடத்தை எடுக்கிறார், மீண்டும் வெள்ளை ஒளிக்கு வந்து இரத்தக் கசிவை நிறுத்துகிறார், மீண்டும் நீலத்துக்குப் போகிறார். சிகிச்சைக்குப் பின் ஒரு நாளாவது நோயாளியின் தோலில் கடும் வெயிலோ பிரகாசமான விளக்கொளியோ படாமல் காக்க வேண்டும் என்பது தவிர, இந்த மருந்தை ஏற்பவருக்குப் பெரும் தொந்தரவு ஏதும் சாதாரணமாக நேருவதில்லை.

கண்ணுக்கு அழகாயிருப்பது காரியத்துக்கு உதவுமா என்று கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு விடையாக ஜெர்மனியில் நடந்த பரிசோதனையின் முடிவுகளை 2006-இல் லான்செட் ஆன்காலஜி பத்திரிகை வெளியிட்டது. 270 நோயாளிகளைச் சீட்டுப் போட்டாற்போல் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு இந்த ஒளியின் துணையோடும் மற்றப் பிரிவினருக்கு வெள்ளை வெளிச்சத்திலும் சிகிச்சை செய்து, 72 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். படத்தில் தெரியும் கட்டி முழுவதும் நீங்கியிருந்தது ஒளிப் பிரிவில் 65 சதவீதத்தினருக்கு. மற்றப் பிரிவில் 36 சதவீதத்தினருக்கு மட்டுமே. ஆறு மாதம் வரை நோய் மீண்டும் வளராதிருந்தவர்கள் முன்னதில் 41 சதவீதம், பின்னதில் 21 சதவீதம். இந்த ஆதாரத்தின் பலத்தில் 2007-இல் ஐரோப்பாவும், அதற்குப் பத்தாண்டுகள் கழித்து 2017-இல் அமெரிக்காவும் இந்த மருந்துக்கு அனுமதி வழங்கின. இந்த எண்களில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது ஒளிப் பிரிவின் வெற்றியைவிட மற்றப் பிரிவின் 36 தான். தேர்ந்த ரண வைத்தியர்கள், முழுமையாக எடுக்கக்கூடியவை என்று முன்கூட்டியே கருதப்பட்ட கட்டிகளில், நல்ல மைக்ராஸ்கோப்பின் துணையோடு முயன்றும், நூற்றுக்கு அறுபத்து நான்கு பேரிடம் கட்டியின் ஒரு பகுதியை விட்டுவிட்டு மண்டையை மூடியிருக்கிறார்கள். அது திறமைக் குறைவினால் நேர்ந்ததன்று. காண முடியாததை எந்தத் திறமையாலும் அறுத்தெடுக்க முடியாது என்பதே அதன் பொருள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களில் கனமானது ஒன்று உண்டு. அந்தப் பரிசோதனையில் இரு பிரிவினரும் உயிர் வாழ்ந்த மொத்தக் காலத்தில், ஐயத்துக்கிடமற்ற வேறுபாடு காணப்படவில்லை. பிறகு கணக்கை வேறு விதமாக ஆராய்ந்தபோது, எந்தப் பிரிவைச் சேர்ந்தவராயினும், கட்டி முழுவதும் நீங்கியவர்களின் நடுவாயுள், அதாவது அவர்களில் பாதிப் பேராவது வாழ்ந்த காலம், 16.7 மாதங்களாகவும் மிச்சமிருந்தவர்களுக்கு 11.8 மாதங்களாகவும் இருந்தது தெரிந்தது. எனினும் எளிதில் எடுக்கக்கூடிய கட்டியை உடையவர்கள் இயல்பாகவே நெடுநாள் வாழக்கூடியவர்களாக இருந்திருக்கலாம் என்று சந்தேகிப்பவரை இந்த எண்கள் முற்றிலும் வாயடைக்கமாட்டா. 2005-இல் ரோஜர் ஸ்டப் முதலியோர் நிலைநாட்டிய டெமோசோலமைட் மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை, நடுவாயுளை 12.1 மாதங்களிலிருந்து 14.6 மாதங்களாக உயர்த்தியதே பெரும் சாதனையாகக் கொண்டாடப்பட்டது. இப்படி மாதங்களில் கணக்கிடப்படும் ஒரு வியாதிக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நான் மரியாதையோடு சொல்லும் பதில் இது: ரண சிகிச்சை என்பது இந்த வியாதிக்குச் செய்யப்படும் யுத்தத்தில் ஒரு படைப்பிரிவு மட்டுமே, அது தன் வேலையைச் செவ்வனே செய்ததா என்பதை, மற்றப் படைகளும் சேர்ந்து பெற வேண்டிய வெற்றியைக் கொண்டு அளப்பது முறையன்று. நோய் திரும்பாத ஆறு மாதங்கள் என்பது, ஒருவர் தம் சொந்தக் கையால் உண்டு, தம் வீட்டாரோடு தெளிவாகப் பேசி, கொடுக்கல் வாங்கலையும் குடும்பக் காரியங்களையும் ஒழுங்கு செய்துகொள்ளும் ஆறு மாதங்கள். அதை அற்பமென்று தள்ளும் உரிமை, நோய்ப்படாத நமக்கு இல்லை.

ஆனால் இந்த ஒளியின் குறைகளை மறைத்துப் பேசுபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டியின் உயிரணுக்கள் அடர்ந்த இடத்தில் நன்றாகத் தெரியும் செவ்வொளி, அவை சிதறிக் கிடக்கும் தொலைவான ஓரங்களில் மங்கி மறைந்துவிடுகிறது. ஆகையால் சிவப்பு இல்லாத இடத்தில் நோய் இல்லை என்று கொள்வதற்கில்லை. இரண்டாம் படியைச் சேர்ந்த மெல்ல வளரும் கிளியோமாக்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியுமளவு ஒளிர்வதேயில்லை. இளம் வயதினரைப் பீடிக்கும் இக்கட்டிகளில்தான் நன்றாக எடுப்பதால் ஆண்டுக்கணக்கில் ஆயுள் கூடக்கூடும் என்பதை நினைத்தால், இந்தக் குறை எத்தனை பெரியது என்று விளங்கும். ஒளி மேற்பரப்பை மட்டுமே காட்டுகிறது. மெல்லிய ஓர் ஏடு நல்ல மூளையோ ஒரு சொட்டு இரத்தமோ மேலே படிந்திருந்தால், கீழே உள்ளது மறைந்து போகிறது. எது சிவப்பு, எது இளஞ்சிவப்பு, எது வெறும் மயக்கம் என்று பிரிப்பதும் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்ததாகவே இருக்கிறது. நேரில் கண்டது என்பதாலேயே ஒன்று பிழையற்றதாகிவிடாது என்று நம் தர்க்க நூலார் நெடுங்காலத்துக்கு முன்பே எச்சரித்திருக்கிறார்கள்.

இவற்றினும் ஆழமான வரம்பு ஒன்று உண்டு. கட்டி எங்கே இருக்கிறது என்பதை ஒளி சொல்லும். அந்த இடம் அந்த மனிதருக்கு என்ன வேலை செய்து கொடுக்கிறது என்பதைச் சொல்லாது. சிவந்து ஒளிரும் ஒரு துணுக்கு, பேச்சை இயக்கும் நரம்பிழைகளுக்கு நடுவே இருக்கலாம். அதை எடுத்துவிட்டால் எம்.ஆர்.ஐ. படம் அழகாக இருக்கும், நோயாளியோ ஊமையாக எழுந்திருப்பார். ஜெர்மானியப் பரிசோதனையில் சிகிச்சைக்கு அடுத்த முதல் இரண்டு நாட்களில் உடலியக்கம் குன்றியவர்கள் ஒளிப் பிரிவில் சற்று அதிகமாகவே இருந்தார்கள் என்பதும், மாதங்கள் செல்லச் செல்ல அந்த வேறுபாடு மறைந்தது என்பதும் கவனத்துக்குரியவை. மான்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு வளர்த்த வித்தை ஒன்று இதற்காகவே இருக்கிறது: மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாதாகையால், நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளையின் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, பேசச் சொல்லியும் கையை அசைக்கச் சொல்லியும் எந்த இடத்தைத் தொடலாகாது என்று கண்டறிவது. ஒளியும் இந்த வித்தையும் கைகோத்துச் செல்ல வேண்டும். ஒன்றை வாங்கி மற்றொன்றைக் கற்காமல் விடும் மருத்துவமனை, நோயாளிக்கு நன்மையைவிடத் தீமையே செய்யக்கூடும்.

சாயமும் மருந்தும் இன்றி, மூளையின் இயற்கையான ஒளிச்சிதறலைக் கொண்டே கட்டியை அறியும் இன்னொரு மார்க்கம் இருக்கிறது. அதன் மூலம் நம் நாட்டில், நம் ஊர்க்காரர் ஒருவரின் ஆராய்ச்சியில் இருக்கிறது. பால்டிமோரில் டாண்டி மூளையின் பாதியை எடுத்த செய்தியை வெளியிட்ட அதே 1928-ஆம் ஆண்டில், பிப்ரவரி 28-ஆம் தேதி, கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமனும் அவருடைய சகாவான கே.எஸ். கிருஷ்ணனும், ஒரு பொருளின் மேல் ஒற்றை நிற ஒளி பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பங்கு வேறு நிறமாக மாறி வெளிவருவதையும், அந்த மாற்றம் அந்தப் பொருளின் மூலக்கூறுகள் அதிரும் விதத்துக்கு ஏற்ப அமைவதையும் உறுதி செய்தார்கள். மூளையின் வெண்பகுதியில் கொழுப்புச் சத்து மிகுதி. கட்டியிலோ புரதமும் நெருங்கிய உயிரணுக்களும் மிகுதி. ஆகவே இரண்டும் சிதறும் ஒளியில் இரண்டு வேறு கையொப்பங்கள் இருக்கின்றன. கோடியில் ஒரு பங்கு என்னும்படியான இந்த மெல்லிய ஒளியை, இரண்டு லேசர்களை ஒன்றாகச் செலுத்திப் பன்மடங்கு பலப்படுத்தும் நுண்ணோக்கி முறையை ஹார்வர்டில் சன்னி ஷியே முதலியோர் 2008-இல் வெளியிட்டபோது, ராமன் விளைவு அறுவை அரங்கின் வாசலுக்கு வந்து சேர்ந்தது.

இப்போது அது உள்ளேயும் நுழைந்துவிட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கிய டேனியல் ஆரிஞ்சரும் அவருடைய கூட்டத்தாரும், எடுத்த திசுத் துணுக்கை உறைய வைத்து, சீவி, சாயமிட்டுப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் முறைக்கு அரை மணி நேரம் வரை ஆகும் இடத்தில், அரங்கிலேயே லேசர் படமெடுத்து, கணினியின் செயற்கை அறிவைக் கொண்டு 150 வினாடிக்குள் கட்டியின் வகையைச் சொல்லும் முறையை 278 நோயாளிகளிடம் பரிசோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். கணினி சரியாகச் சொன்னது 94.6 சதவீதம், வழக்கமான முறையில் நோயியல் நிபுணர்கள் சொன்னது 93.9 சதவீதம். இதே வழியில் வந்த ஃபாஸ்ட்கிளியோமா என்ற முறை, குழியின் ஓரத்தில் கட்டி ஊடுருவியிருக்கிறதா என்பதைப் பத்து வினாடியில் சொல்வதாக 2024-இல் நேச்சர் பத்திரிகையில் செய்தி வந்தது. மான்ட்ரியாலிலோ, கெவின் பெட்ரெக்கா, ஃப்ரெடரிக் லெப்லான் முதலியோர் எழுதுகோல்போல் கையில் பிடித்து மூளையின் மேலேயே தொடக்கூடிய ராமன் கருவி ஒன்றை 17 நோயாளிகளிடம் கையாண்டு 2015-இல் எழுதினார்கள். மெல்ல வளரும் கிளியோமாக்களிலும் அது வேலை செய்தது என்பது, செவ்வொளி கைவிடும் இடத்தில் இந்த மார்க்கம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. ஆரிஞ்சரின் 2020-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் கண்ட சதவீதங்களின் சிறு வித்தியாசத்தை வைத்து மனிதனை இயந்திரம் வென்றுவிட்டது என்று ஆரவாரிப்பது அறியாமை. இரு தரப்பாரும் தவறிய நோயாளிகள் ஒரே நோயாளிகள் அல்லர் என்பதும், ஒருவரது பிழையை மற்றவர் திருத்த இடமுண்டு என்பதும் அந்த ஆராய்ச்சியிலிருந்தே விளங்கும். தீர்ப்பின் பொறுப்பு, கையில் கத்தி வைத்திருப்பவரிடமே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு ஏற்றது எது என்ற விஷயத்துக்கு வருவோம். வேலூரில் 1949-இல் ஜேக்கப் சாண்டியும், சென்னை பொது மருத்துவமனையில் 1950-இல் பி. ராமமூர்த்தியும் மூளை ரண சிகிச்சைத் துறைகளைத் தொடங்கியபோது, மேல்நாட்டுச் சாதனங்கள் யாவும் வந்து சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கிடைத்ததைக் கொண்டு தொடங்கினார்கள், நன்றாகவே செய்தார்கள். அந்த விவேகம் இங்கும் நமக்கு வழிகாட்டும். 5-ஏ.எல்.ஏ. விலை மிகுந்தது, ராமன் நுண்ணோக்கியோ இன்னும் விலை மிகுந்தது. ஆனால் மூர் கையாண்ட அந்தப் பழைய ஃப்ளூரசின் சாயம், கண் வைத்தியர்கள் விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் படம் பிடிக்க அன்றாடம் ஊசியில் ஏற்றும் மலிவான மருந்து. மைக்ராஸ்கோப்பில் தகுந்த மஞ்சள் வடிகட்டி இருந்தால் போதும். அரங்கின் விளக்கைத் தணிக்க வேண்டிய அவசியமும் அதிகமில்லை. அது கட்டியின் உயிரணுவுக்குள் புகுவதில்லை, இரத்தக் குழாய்களின் காப்பு சிதைந்த இடத்தில் கசிந்து நிற்கிறது; ஆகையால் வீங்கிய நல்ல மூளையிலும் சில சமயம் படியும் என்ற குறை உண்டு. குறையுள்ள மலிவான ஒளி, எட்டாத உயரத்தில் இருக்கும் சிறந்த ஒளியைவிட ஏழை நோயாளிக்கு மேலானது. முதலில் இதை எல்லா அரசு மூளை ரண சிகிச்சைத் துறைகளிலும் பழக்கத்துக்குக் கொண்டுவருவதும், 5-ஏ.எல்.ஏ.வை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்க முயல்வதும், அரசின் காப்பீட்டுத் திட்டங்களில் இவற்றுக்கென்று தனியாக ஒரு தொகை வகுப்பதும், எட்டக்கூடிய காரியங்களே.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். சிகிச்சை முடிந்த 72 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்து, எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு எஞ்சியது, நோயாளியின் பேச்சும் நடையும் எவ்வாறு இருக்கின்றன என்று ஒவ்வொரு மருத்துவமனையும் ஒழுங்காகக் கணக்கு வைத்து, அந்தக் கணக்கைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஜெர்மானியர்களின் மருந்தைவிட அவர்களுடைய இந்தப் பழக்கமே நாம் இறக்குமதி செய்ய வேண்டிய முதற்பொருள் என்பேன். தன் வேலையின் மிச்சத்தை அளந்து பாராத துறைக்கு, எத்தனை கோடி ரூபாயில் ஒளிக்கருவி வாங்கிக் கொடுத்தாலும், அதனால் நோயாளிக்கு என்ன கிடைத்தது என்று சொல்லத் தெரியாது; அளந்து பார்க்கும் துறையோ, மலிவான சாயத்தைக் கொண்டே ஆண்டுக்கு ஆண்டு முன்னேறும்.

நோயாளியின் குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்லும் கடமையும் இதனோடு சேர்ந்ததே. ஒளிக் கருவியால் வேரோடு களைந்துவிடலாம் என்று விளம்பரம் செய்வது, நகைகளையும் நிலத்தையும் விற்றுக்கொண்டு வரும் ஒரு குடும்பத்துக்குச் செய்யும் வஞ்சனை. கிளியோபிளாஸ்டோமாவை இந்த ஒளி குணப்படுத்தாது. கட்டியை இன்னும் நன்றாக எடுக்க உதவும். அதன் பின் கதிர்வீச்சும் மருந்தும் வேண்டியிருக்கும். நோய் திரும்பி வரவும் கூடும் என்று எளிய தமிழில், நிதானமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். விளக்கிச் சொன்னால் நம் மக்கள் விளங்கிக்கொள்வார்கள். அப்படி விளங்கிக்கொண்ட ஒருவர், தமக்குச் சிகிச்சை செய்யப்போகும் துறையினரிடம் எஞ்சும் கட்டியைக் காண என்ன சாதனம் வைத்திருக்கிறீர்கள் என்றும், என் பேச்சைக் காக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்றும், சென்ற ஆண்டு உங்கள் கணக்கு என்ன என்றும் கேட்பாரானால், அந்த மூன்று கேள்விகளுக்கும் நாணாமல் விடை சொல்லக்கூடிய நிலையில் நம் அரசு மருத்துவமனைகளை வைப்பது, அவற்றை நடத்தும் அரசின் பொறுப்பு.